சித்தப்பாவுக்கு நீ விட்ட வெறும் கட்டம்

அன்புள்ள தம்பி,

உறையைப் பிரித்ததும் இது யாருடைய கையெழுத்து என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்து, கடதாசியை ஒருமுறை மேசையில் வைத்தும் இருப்பாய். எடுத்து வாசி. சொல்வது நான், எழுதுவது உன் சித்தி. அவளை ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. உனக்கு ஒரு கடிதம் போட வேண்டும், பக்கத்து வீட்டு அண்ணையைக் கொண்டு எழுதுவிக்கட்டோ என்று அவளிடம்தான் தொலைபேசியில் கேட்டேன். "வேண்டாம் அத்தான். எங்கட வீட்டுக் கதையை வெளியாள் எழுத வேண்டாம். சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை, நானே வாறன்" என்றாள். ஹவுன்ஸ்லோவிலிருந்து பஸ் மாறி மாறி, மழைக்குள் நனைந்து, கையில் ஒரு பை முருங்கைக்காயோடு லண்டன் மிச்சம் பகுதியில் இருக்கிற நம் வீட்டுக்கு வந்து சேர்ந்து, இப்போது குசினி மேசையில் எனக்கு எதிரே இருக்கிறாள். வந்ததும் ஒரு நிபந்தனை போட்டாள். "நீங்கள் கதைக்கிற மாதிரியே எழுதினால் அவன் எழுத்துக் கூட்டி வாசிச்சு முடிக்கிறதுக்குள்ளை தலை நரைச்சுப் போவான். நான் புத்தகத் தமிழிலைதான் எழுதுவன்." ஆகவே, இதில் சொற்கள் வெளுத்த வேட்டி கட்டி நின்றால் அது அவளுடைய வேலை. உள்ளே இருக்கிற பிழைகள் என்னுடையவை.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லப் பார்த்தேன். நீ மான்செஸ்டருக்குப் போன நாள் முதல் "ஓம் அப்பா, சரி அப்பா, சாப்பிட்டனீங்களோ அப்பா" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை. நானும் "ஓம், சாப்பிட்டன்" என்று வைத்துவிடுகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். மண்டபம் எடுத்தாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று, உன் மாமனார் கிழமைக்கு ஒரு தடவை அழைத்து நாதஸ்வரக்காரரைப் பற்றிக் கதைக்கிறார். கதைக்க வேண்டிய ஒன்றைத்தான் ஒருவரும் கதைக்கவில்லை. அது அந்தப் படங்களின் கதை. நீ கட்டி, நீயே இடித்துவிட்டுப் போன அந்த இணையப் பக்கத்தின் கதை.

நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன் என்பது உனக்குத் தெரியும். ஜேர்மனியில் இருந்தபோதும், பிறகு இங்கே வந்தபோதும், வீட்டுக்கு வருகிற கடிதங்களை வாசித்தது நீதான். கவுன்சில் கடிதம், காஸ் பில், உன் அம்மாவின் ஆஸ்பத்திரிக் கடிதம், எல்லாவற்றையும் உன் சின்ன விரலை வரிக்குக் கீழே வைத்து வாசித்து எனக்குத் தமிழில் சொல்வாய். உன் பள்ளிக்கூட றிப்போட்டையும் நீதான் வாசிப்பாய். "நல்ல பிள்ளை, வகுப்பிலை அமைதியாய் இருக்கிறான் எண்டு எழுதியிருக்கு அப்பா." எழுத்துத் தெரியாதவனுக்கும் முகம் தெரியும். டீச்சர் என்னைக் கண்டதும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மூச்சு விடாமல் கதைப்பார். நீ பக்கத்தில் நின்று அதை இரண்டு நல்ல சொல்லாகச் சுருக்கித் தருவாய். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பு முட்டும். சிரித்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிந்துவிடும் என்று யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். அப்போதே சிரித்திருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க அது நல்ல இடம்.

நான் வேலைக்குப் போனபோது நீ நித்திரை, வந்தபோதும் நித்திரை. நீ வளர்ந்தது எனக்கு உடுப்பின் அளவில்தான் தெரிந்தது. உன் அம்மா போன பிறகுதான் அவளுடைய சிவப்புச் சூட்கேசை இறக்கி, "அப்பா, இந்தப் படங்களிலை இருக்கிறவை ஆரெண்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குச் சொல்லுங்கோ, நான் எல்லாத்தையும் இன்ரநெட்டிலை போடுறன்" என்றாய். ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவும் பாரிசில் இருக்கிற மாமாவும் தங்களிடம் உள்ள படங்களையும் அதில் சேர்க்கலாம், எல்லோரும் இருந்த இடத்தில் இருந்து பார்க்கலாம் என்றாய். அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு வாய்த்த புது வாழ்வு மாதிரி இருந்தன. நீ ஸ்கானரில் படத்தை வைத்து மூடுவாய். வெளிச்சம் ஒருமுறை ஓடும். நான் பெயர் சொல்வேன்.

படங்களை ஏற்றுவதற்கு முதல் நீ வீடு கட்ட வரைபடம் போடுகிற மாதிரிப் பெட்டி பெட்டியாகக் கீறினாய். எழுதக் கடதாசி போதாமல், முன்னறைச் சுவருக்கு ஒட்டி மிஞ்சிய வோல்பேப்பரை விரித்து அதன் பின்பக்கத்தில் கீறினாய். ஒரு பெட்டி படங்களுக்கு. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இலக்கம், எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யாரிடமிருந்து வந்தது. இன்னொரு பெட்டி ஆட்களுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒடுக்கமாக மூன்றாவது ஒன்று. அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. "படத்துக்குக் கீழை ஆக்களின்ரை பேரை எழுதிவிட்டால் முடிஞ்சுதே?" என்றேன். நீ கோபிக்கவில்லை. "அப்பா, ஒரு கலியாணப் படத்திலை இருபது பேர் நிக்கினம். மாமா ஒரு ஆள், ஆனால் ஐம்பது படத்திலை நிக்கிறார். அவரின்ரை பேரை ஐம்பது இடத்திலை எழுதி, பிறகு ஒரு எழுத்துப் பிழையெண்டால் ஐம்பது இடத்திலையும் திருத்த வேணும். ஆளை ஒருக்கா எழுதுவம், படத்தை ஒருக்கா எழுதுவம். இந்த நடுப் பெட்டியிலை, இந்தப் படத்திலை இந்த ஆள் எண்டு முடிச்சு மட்டும் போடுவம்." கேட்கக் கேட்க எனக்கு வியப்பாக இருந்தது. என் பிள்ளையின் தலைக்குள் இப்படியும் ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்று உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சொன்ன யோசனை ஒன்றும் உருப்படவில்லை என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆட்களின் பெட்டியில் "என்ன முறை" என்று ஒரு கட்டம் போடச் சொன்னேன். "ஆருக்கு முறை அப்பா? உங்களுக்கு மச்சான், எனக்கு மாமா, பெரியம்மாவுக்குத் தம்பி. எதை எழுத?" என்றாய். ஆளுக்குத் தாய் யார், தகப்பன் யார், யாரைக் கட்டியவர் என்பதை மட்டும் எழுதினால், பார்க்கிறவருக்கு என்ன முறை என்பதைக் கொம்பியூட்டர் தானே கண்டுபிடிக்கும் என்றாய். பெயர்களில் மாட்டிக்கொண்டோம். எங்கள் ஆட்களுக்குப் பதிவுப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுகிறது ஒன்று, முதுகுக்குப் பின்னால் சொல்கிறது ஒன்று. "பட்டப்பெயருக்கும் ஒரு பெட்டி வைக்கட்டோ?" என்று கேட்டுவிட்டு நீயே விழுந்து விழுந்து சிரித்தாய். வைத்திருந்தால் பாரிஸ் மாமா எங்களோடு கதைத்திருக்கமாட்டார்.

அந்த நாட்களில் நீ எனக்குச் சொல்லித் தந்த ஒன்றைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் தகப்பனாரின் அக்கா ஒருத்தி, அவள் பிறந்த ஆண்டு ஒருவருக்கும் தெரியாது. "ஏதோ ஒரு வருசத்தைப் போடன், ஆர் கேக்கப் போகினம்" என்றேன். நீ மாட்டேன் என்றாய். "தெரியாட்டில் வெறுமையாய் விட வேணும் அப்பா. வெறுமை எண்டால் பூச்சியம் இல்லை. இல்லை எண்டும் இல்லை. எங்களுக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான்." படிக்காத எனக்கு அது நல்லாய் விளங்கியது. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள ஓர் இடம் விட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன்.

பிறகுதான் நான் கெடுத்தேன். எங்கள் வீட்டில் செத்தவர்களின் படத்தை உயிரோடு இருக்கிறவர்களின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதில்லை. உன் அம்மாவின் படமும் அதனால்தான் மாலையோடும் சிவப்பு லைற்றோடும் சாமியறைப் பக்கத்துச் சுவரில் தனியே இருந்தது. இன்ரநெற்றும் ஒரு சுவர்தானே, அங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீ தலையைச் சொறிந்தாய். "அப்பா, ஒரே படத்திலை செத்தவையும் நிக்கினம், இருக்கிறவையும் நிக்கினம். என்னெண்டு பிரிக்கிறது?" என்றாய். நான் விடவில்லை. கடைசியில் எனக்காக ஆட்களின் பெட்டியில் ஒரு கட்டம் கூட்டினாய்: உயிரோடு இருக்கிறாரா, ஓம் அல்லது இல்லை. இல்லை என்கிறவர்களின் முகத்தை மட்டும் தனியாக வெட்டி, எரிகிற விளக்கோடு ஒரு பக்கத்தில் வைப்பதாகச் சொன்னாய். நான் திருப்திப்பட்டேன். ஒவ்வொரு பெயராக நீ வாசித்தாய்; நான் ஓம், இல்லை, ஓம் என்று கடையில் சாமான் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

உன் சித்தப்பாவின் பெயரை வாசித்தாய்.

இந்த இடத்தில் சித்தி பேனையை வைத்துவிட்டு யன்னல் பக்கம் பார்க்கிறாள். விடட்டோ என்று கேட்டேன். "இல்லை, சொல்லுங்கோ. நான் எழுதுறன்" என்கிறாள்.

என் ஒரே தம்பி. சித்தியின் தகப்பனார் வன்னியில் படுக்கையில் விழுந்தபோது, "நீ வேலையை விட்டிட்டு வர வேண்டாம், நான் போய்ப் பாத்துக்கொண்டு வாறன்" என்று இவளிடம் சொல்லிவிட்டுப் பாதை திறந்திருந்த நாளில் போனவன். கிழவர் போய்ச் சேர்ந்தார், செத்தவீடு முடிந்தது, அதற்குள் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டுவிட்டது. அங்கேயிருந்து அவ்வப்போது அழைப்பான். இந்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள் அழைத்து, இரைச்சலுக்குள், "அண்ணை, அவளைச் சாப்பிடச் சொல்லுங்கோ" என்றான். அதுதான் கடைசி. வசந்தத்தில் சண்டையை நிறுத்தச் சொல்லி நாங்கள் எல்லோரும் வெஸ்ட்மின்ஸ்டரில் பாராளுமன்றச் சதுக்கத்தில் குளிருக்குள் நின்றோம். மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது. முகாமில் இருந்து வெளியே வந்தவர்களிடம் கேட்டோம். ஒருவர் கண்டேன் என்றார், ஒருவர் காணவில்லை என்றார், கண்டேன் என்றவர் பிறகு அது வேறு ஆளாக இருக்கலாம் என்றார்.

நீ அந்தப் பெயரை வாசித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாய்: "அப்பா, சித்தப்பா?" நான் எழும்பிப் போய்க் கேத்திலில் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதித்து அடங்கும் வரைக்கும் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அழுதிருந்தாலும் காரியம் விளங்கியிருக்கும். திரும்பி வந்தபோது நீ அடுத்த பெயருக்குப் போயிருந்தாய். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாய். நீ செய்தது சரி. அந்த நிமிடத்தில் இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு அதைவிடச் சரியான பதில் இருக்கவில்லை.

பிழை பிறகு வந்தது. அதையும் உன் சிநேகிதன் சொல்லித்தான் நான் அறிந்தேன். விளக்குப் பக்கத்தைச் செய்யும்போது, "ஓம்" என்று எழுதப்பட்டவர்களை ஒரு பக்கம், மிச்சம் எல்லோரையும் மற்றப் பக்கம் என்று கொம்பியூட்டருக்குச் சொல்லிவிட்டாயாம். வெறுமை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை என எனக்குச் சொல்லித் தந்த நீ, அவசரத்தில் அந்த ஓர் இடத்தில் அதை மறந்துவிட்டாய். அவ்வளவுதான் உன் பிழை, தம்பி. கல்லைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குகிற பிழை இல்லை.

பக்கத்தைத் திறந்த கிழமை எங்கள் சனம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. ரொறன்ரோவில் பெரியம்மா விடிய விடியப் பார்த்தாளாம். நோர்வேயில் இருந்து யாரோ ஒருவர் பழைய படம் ஒன்றை ஏற்றினார். உன் சித்தப்பா இளந்தாரியாக, கிளிநொச்சி பஸ் நிலையத்தில், சைக்கிள் பாரில் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். எனக்கே அப்படி ஒரு படம் இருப்பது தெரியாது. சித்தி தன்னோடு வேலை செய்கிற பிள்ளையின் போனில் அதைப் பார்த்தாளாம். ஒருமுறைதான் பார்த்தாள். வீட்டுக்குப் போய் ஆறுதலாகப் பார்ப்போம் என்று நினைத்தாள்.

அதற்குள் லூயிஷாமில் இருந்து பரிமளம் மாமி வந்துவிட்டார். மாமியை உனக்குத் தெரியும், கோயிலில் எந்தப் பூசையிலும் முன்வரிசையில் நிற்கிறவர், எங்கே துக்கம் என்றாலும் முதலில் போய் நிற்கிற நல்ல மனுசி. இந்தப் பகுதியைச் சித்திதான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் சொல்லிக்கொண்டே எழுதுகிறாள்: "ஷிப்ட் முடிஞ்சு வந்து சப்பாத்தும் கழட்டேல்லை அத்தான், பெல் அடிக்குது. திறந்தால் மாமி வெள்ளைச் சீலையோடை நிக்கிறா. கையிலை பெரிய பாத்திரம். செத்தவீட்டிலை அடுப்பு மூட்டமாட்டினம் எண்டு சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும் காய்ச்சிக்கொண்டு ரெயிலிலை வந்திருக்கிறா. கட்டிப்பிடிச்சு அழத் தொடங்கினவ, என்ரை முகத்தைப் பாத்திட்டு, 'என்ன பிள்ளை, பொட்டோடை நிக்கிறாய்?' எண்டு கேட்டா. நான் என்ன சொல்ல? 'ஏன் மாமி, என்ன நடந்தது?' எண்டன். அவ, 'உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? இன்ரநெட்டிலை விளக்கு எரியுது' எண்டா."

"சோத்தை என்ன செய்தனீ?" என்று கேட்டேன். இதை நான் அவளிடம் இதுவரை கேட்டதில்லை.

"கொண்டந்ததைத் திருப்பி அனுப்ப ஏலுமே? வாங்கி வைச்சன். மாமி போனாப் பிறகு சாப்பிட்டன். பசியும்தான். நல்லாய்த்தான் சமைச்சிருந்தா. சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைச்சிட்டுத்தான் அழுதனான்."

அன்றைக்கே ரொறன்ரோவில் இருந்தும் பாரிசில் இருந்தும் அவளுக்குத் துக்கம் விசாரித்து அழைப்புகள் வந்தன. சிலர் நேரே கேட்டார்கள், சிலர் தொண்டையைச் செருமிக்கொண்டு "எப்ப தெரிய வந்தது?" என்றார்கள். அவள் எல்லோருக்கும் "எனக்கு ஒண்டும் தெரியாது, எனக்கு ஒண்டும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு எனக்கு அழைத்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. உன் மாமனாரும் மாமியாரும் கலியாணக் காரியம் கதைக்க வந்து முன்னறையில் இருந்தார்கள். நீ அவர்களுக்கு அந்தப் படங்களைத்தான் காட்டிக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோசம். என் காதில் அவள் அழுகை. நான் என்ன செய்தேன் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். அவர்களுக்கு முன்னால், கத்தி, "பெட்டி கீறத்தான் உனக்குத் தெரியும், மனுசரைத் தெரியாது. என்ரை தம்பியைக் கொல்ல நீ ஆரடா?" என்று கேட்டேன்.

லாப்டொப்பைத் திருப்பி மடியில் வைத்தாய். விரல்கள் ஓடின. பிறகு மூடி மேசையில் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாய்: "இப்ப ஒருத்தரும் இல்லை அப்பா. இருந்தவையும் இல்லை, செத்தவையும் இல்லை. எல்லாரையும் எடுத்திட்டன்." சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனாய். அடுத்த கிழமை மான்செஸ்டரில் வேலை என்றாய்.

அந்தக் கட்டத்தைக் கேட்டு வாங்கியவன் நான். அதற்குப் பதில் சொல்லாமல் முதுகைக் காட்டி நின்றவனும் நான். உன்னைத் திட்டினேனே, அது எனக்குள் இருந்த கேள்வி, தம்பி. என் தம்பி இருக்கிறானா என்று என்னை நானே கேட்கப் பயந்து, உன்மேல் எறிந்தேன். சம்பந்தி வீட்டுக்காரருக்கு முன்னால் எறிந்தேன். உன் அம்மா இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருப்பாள். நாளைக்கு நீயும் ஒருத்தியோடு வாழப் போகிறாய். அவளுக்குத் தெரியாத ஒன்றை, உனக்கும் தெரியாத ஒன்றை, வீட்டுக்குள் கேட்கப் பயமான ஒன்றை வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி நடக்கிற நாள் வரும். அப்போது தண்ணீர் கொதிக்க வைக்கப் போகாதே. இருந்து, தெரியாது என்று சொல். என்னைப் போல ஒருவன் உன்மேல் கத்தினாலும், கட்டிய வீட்டை அன்றைக்கே இடிக்காதே. கதவைப் பூட்டிவிட்டுப் போ. திரும்பி வரலாம்.

நீ முற்றாக அழித்திருக்கமாட்டாய் என்றுதான் நான் நினைக்கிறேன். ஜேர்மனியில் வாங்கித் தந்த உடைந்த கார் இன்னும் உன் அலுமாரிக்குள் இருக்கிறது. நீ எதையும் எறிகிற பிள்ளை இல்லை. எங்கேயோ ஒரு பிரதி வைத்திருப்பாய். வோல்பேப்பரை நான் சுருட்டி வைத்திருந்தேன். இன்றைக்கு விரித்து இந்த மேசையில்தான் போட்டிருக்கிறோம், அதன் மேல்தான் சித்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் எது எந்தப் பெட்டி என்று தெரியும். ஓரத்தில் என் தேத்தண்ணீர்க் கோப்பையின் வட்டம் கிடக்கிறது. அது கிடப்பது ஆட்களின் பெட்டி.

இனிக் கலியாணக் கதைக்கு வருகிறேன். மணவறையில் உனக்கு ஆலாத்தி எடுக்க உன் அம்மா இல்லை. அவள் இடத்தில் நிற்க வேண்டியவள் சித்தி. இதை நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே உன் அம்மா சொல்லி வைத்தவள். ஆனால் அந்த விளக்குப் பக்கத்தைச் சனம் கண்ட பிறகு பேச்சு மாறிவிட்டது. பெண் வீட்டுப் பக்கத்தில் ஒருவர், நல்ல மரியாதையாகத்தான், "ஆலாத்திக்கு வேறை ஆரையும் பாப்பமோ அண்ணை? சுமங்கலிகள் எடுத்தால்தானே நல்லது" என்று என்னிடம் கேட்டார். அது சித்தியின் காதுக்கும் போய்விட்டது. இப்போது வேலை இடத்தில்கூட நம்முடைய பெண்கள் இவளிடம் கதைக்கும்போது கண்ணைப் பார்ப்பதில்லையாம், நெற்றியைப் பார்க்கிறார்களாம். கலியாணத்துக்கு வரமாட்டேன், வேலை என்று சொல்கிறாள். இங்கே, எனக்கு எதிரே இருந்துகொண்டு.

"அதை எழுதமாட்டன் அத்தான்" என்று இப்போது பேனையை மூடுகிறாள்.

"எழுது பிள்ளை."

"அவன்ரை கலியாணத்திலை எனக்காக ஒரு பிரச்சினை வேண்டாம். ஆக்கள் கதைப்பினம்."

"ஆக்கள் ஏற்கெனவே சோறு காய்ச்சிக்கொண்டு வந்திட்டினம். இனி என்ன கதைக்க இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதிவிட்டாள். வாசித்துப் பார்.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். பெண் வீட்டாரிடம் நான் பேசிவிட்டேன். என் மகனுக்கு ஆலாத்தி எடுப்பது அவன் சித்தி, அவள் பொட்டுக்கு ஒருவரும் கணக்குக் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். உன் மாமனார் நல்ல மனிதர், தலையாட்டினார். ஆனால் சித்தியைக் கூப்பிட வேண்டியவன் நான் இல்லை, நீ. ஒரு சனிக்கிழமை ரெயில் எடுத்து வா. மன்னிப்பு என்று பெரிய சொல்லெல்லாம் வேண்டாம்; "சித்தி, நீங்கள் நிக்க வேணும்" என்று சொன்னால் போதும். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், உன்னிடம். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வருமோ தெரியாது. அதனால் இந்தக் கடதாசியில் சொல்கிறேன். நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, மகனே.

இன்னும் ஒன்று செய்தேன். உன் அம்மாவின் படத்தைச் சாமியறைப் பக்கத்துச் சுவரில் இருந்து கழற்றி முன்னறையில் மாட்டிவிட்டேன். ஒரு பக்கத்தில் நீ பட்டம் வாங்கிய படம், மற்றப் பக்கத்தில் சித்தப்பாவும் சித்தியும் ஹவுன்ஸ்லோ வீட்டு வாசலில் நிற்கிற படம். மாலையையும் எடுத்துவிட்டேன். முதல் நாள் இரண்டு தரம் திரும்பக் கழற்றப் போனேன். இப்போது பழகிவிட்டது. உன் அம்மா எல்லோருக்கும் நடுவில் இருக்கிறாள், அவளுக்கு எப்போதும் பிடித்த மாதிரி. அந்தப் பக்கத்தைத் திரும்பவும் கட்டு. நான் கேட்டு வாங்கிய பிரிப்பு இனி வேண்டாம். எல்லோரும் கலந்து நிற்கட்டும். பெயர் தெரியாத முகங்கள் இன்னும் எத்தனையோ அந்தச் சூட்கேசுக்குள் கிடக்கின்றன. எனக்கு ஞாபகம் இருக்கிற காலத்துக்குள் வந்து கேள். இந்த முறை நீ எந்தப் பெயரை வாசித்தாலும் நான் கதிரையை விட்டு எழும்பமாட்டேன்.

மேசையில் வோல்பேப்பரை விரித்து வைத்துக் காத்திருக்கும்,
உன் அப்பா

தம்பி, இது சித்தி. அத்தான் தேத்தண்ணீர் போட எழும்பிப் போய்விட்டார். இனி நான் எழுதுவதை அவருக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை. நீயும் சொல்லாதே.

ஆலாத்தி எடுக்க நான் வருவேன். நீ வந்து கேட்க வேண்டும் என்று இல்லை. வா, சாப்பிட்டுப் போ, முருங்கைக்காய் வைத்திருக்கிறேன். அதற்கு முதல் அந்த நோர்வேப் படத்தை எனக்குத் திரும்பப் போட்டுத் தா. அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. என்னைக் கட்டுவதற்கு முந்திய சிரிப்பு அது. நான் அதை ஆறுதலாக ஒருமுறை பார்க்க வேண்டும்.

மற்றது, அந்தக் கட்டம். அப்பா எல்லாவற்றையும் கலந்து விடு என்கிறார். நீ அந்தக் கட்டத்தை எடுக்காதே, இருக்கட்டும். ஆனால் உன் சித்தப்பாவுடையதைப் பற்றி அப்பாவிடம் இனிக் கேட்காதே. எழும்பமாட்டேன் என்று இப்போதுதான் எழுதுவித்தார், எழுதுவித்த கையோடு எழும்பிப் போய்விட்டார். அதை நிரப்ப வேண்டிய ஆள் நான். இப்போதைக்கு வெறுமையாகவே விடு. என்றைக்காவது நிரப்ப வேண்டி வந்தால் நானே உனக்கு அழைத்துச் சொல்வேன். அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்காமல், நான் சொல்வதை எழுது.